24,609 ரூபாய் பில்: செல்போன் கட்டணத்தைத் தட்டிக் கேட்ட கதை

இந்த எபிசோடை ஒரு தொகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 24,609 ரூபாய் 51 பைசா.

அகமதாபாத்தில் ஒருத்தர் போஸ்ட்பெய்டு செல்போன் வைத்திருந்தார். மாத வாடகை 249 ரூபாய். பேசுவது எல்லாம் சேர்த்து மாசத்துக்குச் சராசரியா 555 ரூபாய் பில் வரும். கிரெடிட் கார்டிலிருந்து பணம் தானா போகிற மாதிரி ஆட்டோ பே போட்டு வைத்திருந்தார். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரைக்கான பில்லில் வந்த தொகைதான் நான் மேலே சொன்னது. வழக்கமா வருவதைப் போல 44 மடங்கு.

யாரா இருந்தாலும் என்ன கேட்போம்? "இது எப்படிங்க வந்துச்சு?" அவரும் அதைத்தான் கேட்டார். 2014 மே மாசம் நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். அந்தப் புகாரை அங்கே கொடுக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்யவே 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. பில் சரியா, தப்பா என்ற பேச்சுக்கே இன்னும் வரவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்ற ஒரு விஷயத்துக்கே ஏழரை வருஷத்துக்கு மேல்.

குஜராத்தில் நடந்ததைச் சேலத்தில் உட்கார்ந்து நான் ஏன் பேசுகிறேன்? காரணம் இருக்கிறது. போன் பில்லுக்குப் பயந்து பயந்து பிழைப்பு நடத்திய ஊர்கள் இந்தியாவில் சில உண்டு. அதில் எங்க சேலம், நாமக்கல் பக்கம் முதல் வரிசை. அந்தப் பயம் எப்படி வந்தது, யார் குறைத்தார்கள், இப்போது அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

வர்ற காலுக்கும் காசு

1995 ஜூலை 31. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் நெரிசல் நேரத்தில் ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 பைசா வரைக்கும் கட்டணம். இன்றைய காசில் இல்லை, அன்றைய காசில்.

அதைவிட விசித்திரம், யாராவது நம்மைக் கூப்பிட்டாலும் நமக்குத்தான் காசு போகும். ராங் நம்பர் வந்தாலும் போகும். இப்போது கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. தரைவழி போனிலிருந்து ஒருவர் செல்போனுக்குக் கூப்பிடுகிறார். அந்தப் பணம் தரைவழி போன் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. அழைப்பை வாங்கிக் கடைசி வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கிற செல்போன் நிறுவனத்துக்கு அதில் பங்கு கிடையாது. அதனால் அது தன் வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் செல்போன் முதலில் வந்தது சென்னைக்கு. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு நிறுவனங்கள். உரிமம் கொடுத்தபோது அரசு சென்னையைத் தனி வட்டமாகவும் மீதித் தமிழ்நாட்டைத் தனி வட்டமாகவும் பிரித்தது. சேலமும் நாமக்கல்லும் இந்த இரண்டாவது வட்டத்தில் வந்தன. 1999-ல் ஏர்செல் வந்த பிறகு எங்க பக்கம் செல்போன் மெதுவாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

இந்த "வட்டம்" என்கிற சொல்லைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்பு எந்த வட்டத்தில் எடுத்ததோ அதற்குள் இருக்கும் வரைக்கும் ஒரு விலை. எல்லையைத் தாண்டினால் ரோமிங், அதற்கு அப்போது வேறு விலை.

இப்போது எங்க ஊர்ப் பிழைப்பைப் பாருங்கள். நாமக்கல்லில் லாரி. கேஸ் ஏற்றும் டேங்கர் லாரி. கேரளாவுக்குப் போகிற முட்டை லோடு. சங்ககிரியில் லாரி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி, அது மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரைக்கும் போய் மாசக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சேலத்தில் வெள்ளிக் கொலுசு, அதற்கும் வெளிமாநில வியாபாரிகள்தான் பெரிய ஆதரவு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கர்நாடகா. கோயமுத்தூர் தாண்டி வாளையாறு வந்தால் கேரளா. எல்லை தாண்டாமல் இங்கே பாதித் தொழில் நடக்காது. அப்படியென்றால் ரோமிங் என்பது அப்போது எங்களுக்கு எப்போதாவது டூர் போனால் வருகிற செலவாக இருக்கவில்லை. டீசல், டோல் மாதிரி அன்றாடச் செலவாக இருந்தது.

அதனால்தான் மிஸ்டு கால் என்பது எங்க பக்கம் ஒரு தனி மொழியாகவே ஆனது. ஒரு ரிங் விட்டு வைத்தால் "வந்து சேர்ந்தாச்சு". இரண்டு முறை விட்டால் "பூத்திலிருந்து கூப்பிடுறேன், பக்கத்துல இரு". ராத்திரி ஏற ஏற எஸ்.டி.டி. கட்டணம் குறையும் என்பதால் டிரைவர்கள் பதினொரு மணிக்கு மேல் பூத் வாசலில் காத்திருந்து வீட்டுக்குப் பேசுவார்கள். கையில் செல்போன் இருக்கும், ஆனால் பேசுவது பூத்திலிருந்து.

இதில் முதல் பெரிய மாற்றம் 2003 மே 1-ல் வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய், 1997-ல் உருவான அமைப்பு. கூப்பிடுகிறவரின் நிறுவனம், கூப்பிடப்படுகிறவரின் நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று டிராய் விதி கொண்டுவந்தது. உடனே உள்வரும் அழைப்பு இலவசமானது. எந்த நிறுவனமும் மனசு வந்து கொடுத்ததில்லை இது. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கை மாற்றியதும் தானாக நடந்தது.

501 ரூபாய் போன்

அதே வருஷம் ஜூலையில் இன்னொரு விஷயம் நடந்தது. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் "மான்சூன் ஹங்காமா" என்று ஒரு திட்டம் அறிவித்தது. 501 ரூபாய் கொடுத்தால் போன் கையில். அப்போது ஒரு சாதாரண செட்டே பல ஆயிரம் ரூபாய். ஜனம் கடைகளில் குவிந்தது.

விளம்பரத்தில் பெரிசாக இருந்தது 501. ஒப்பந்தத்தில் இருந்தது மூன்று வருஷம். போனின் விலை மாசத் தவணையில் பில்லோடு சேர்ந்து வரும். அந்தச் செட்டில் சிம் கார்டை மாற்றி வேறு கம்பெனிக்குப் போகவும் வழி கிடையாது. இதற்குச் சில மாசம் முன்னால் அதே நிறுவனம் கொண்டுவந்த திட்டத்தில் பின்தேதியிட்ட காசோலைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் முறையும் இருந்தது.

இதில் இரண்டு பக்கமும் பார்க்கணும். ஒரு பக்கம், செல்போன் பணக்காரர் சாமான் என்ற நிலையை உடைத்ததில் அந்த 501 ரூபாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் போட்டியில்தான் மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைத்தன. இன்னொரு பக்கம், மாசச் சம்பளமே நிச்சயம் இல்லாத ஒரு வேலைக்காரர் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பில் வர வரத்தான் மொத்த விலை தெரிந்தது. கட்டாமல் விட்டவர்கள் ஏராளம். நிறுவனமும் பெரிய தொகையை வராக்கடனாக எழுத வேண்டி வந்தது.

என் கணக்கில் இந்தியச் செல்போன் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற பிரச்சினை இதுதான். விலை அதிகம் என்பதைவிட, முழு விலை தெரிவதற்கு முன்னால் "சரி" சொல்ல வைப்பது. கையெழுத்து, ஒரு பட்டன், ஒரு எஸ்.எம்.எஸ். பதில், ஆட்டோ பே. கருவி மாறும், வேலை அதேதான்.

கேட்காமல் எடுக்கக் கூடாது

அதனால்தான் பிறகு வந்த விதிகள் பலவும் "முதலில் சொல், பிறகு எடு" என்ற ஒரே திசையில் போயின.

2005 ஜூனில் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பு சொல்ல வேண்டும், அதில் 80 சதவீதம் தொடும்போது எச்சரிக்க வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டது. அதே 2005-ல் சென்னைக்கும் மீதித் தமிழ்நாட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் விழுந்தது. சேலத்திலிருந்து சென்னைக்குப் பேசுவது ஒரே மாநிலத்துக்குள் பேசுவதாகவே கணக்கானது. 2006 மார்ச் 1-ல் பி.எஸ்.என்.எல். "ஒன் இந்தியா" திட்டம் கொண்டுவந்தது. நாட்டில் எந்த மூலைக்கும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். அப்போது துறை அமைச்சர் தயாநிதி மாறன்.

ரோமிங்குக்கு 2007 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது. ரோமிங் மாத வாடகை எடுத்தாகிவிட்டது. வரும் அழைப்புக்கு நிமிஷத்துக்கு அதிகபட்சம் 1.75 ரூபாய். 2013 ஜூலையில் அது 75 பைசா. 2015 மே மாசம் 45 பைசா.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஒருவர் மாசம் முழுக்க வெளிமாநிலத்தில் இருக்கிறார் என்று வையுங்கள். வீட்டிலிருந்து தினம் பத்து நிமிஷம் கூப்பிடுகிறார்கள். 2007 உச்சவரம்புப்படி, வந்த காலை எடுத்ததற்கு மட்டும் மாசம் 525 ரூபாய். 2015-ல் 135 ரூபாய். அவர் பேசிய நிமிஷமும் அதேதான், டவரும் அதேதான். குறைந்தது விதியால். 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். வரும் ரோமிங் அழைப்பை இலவசமாக்கியது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

காலர் டியூன், ஜோசியம், ஜோக் என்று கேட்காமலே மாசம் முப்பது நாற்பது ரூபாய் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், சந்தா ஆரம்பித்துவிடும். 2013 ஜூலையில் டிராய், இந்த மாதிரிச் சேவைக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்றது.

விதிகள் சரி. விதியை மீறி ஒரு நிறுவனம் பணம் எடுத்துவிட்டால்? அங்கேதான் நம்ம அகமதாபாத் வழக்கு வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் கோழிக்கோடு போக வேண்டும்.

பூட்டிய கதவு

கோழிக்கோட்டில் ஒருவருடைய தொலைபேசியைப் பில் கட்டவில்லை என்று துண்டித்துவிட்டார்கள். அவர் நுகர்வோர் நீதிமன்றம் போனார். 2001 நவம்பரில் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. இணைப்பைத் திரும்பக் கொடு, 5,000 ரூபாய் இழப்பீடு கொடு. தொலைபேசித் துறை விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

2009 செப்டம்பர் 1-ல் மார்க்கண்டேய கட்ஜு, அசோக் குமார் கங்குலி ஆகிய இரண்டு நீதிபதிகளின் அமர்வு தீர்ப்புச் சொன்னது. 1885-ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்தில் 7பி என்று ஒரு பிரிவு இருந்தது. தொலைபேசித் தகராறு வந்தால் மத்திய அரசு நியமிக்கிற நடுவர்தான் தீர்க்க வேண்டும் என்றது அது. சிறப்புச் சட்டம் இருக்கும்போது பொதுச் சட்டம் நிற்காது, ஆகவே நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இதில் வேலை இல்லை என்று தீர்ப்பு.

5,000 ரூபாய் வழக்கு. விளைவு நாடு முழுக்க. பில் புகாரோடு நுகர்வோர் நீதிமன்றம் போனால், செல்போன் நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பை நீட்ட ஆரம்பித்தன. இத்தனைக்கும் அவை தனியார் நிறுவனங்கள். தந்திச் சட்டம் எழுதியபோது செல்போனே இல்லை.

வேறு எங்கே போவது? டிராய் தனிநபர் புகாரைத் தீர்த்து வைக்காது, அதன் வேலை விதி போடுவது. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் என்று டெல்லியில் ஒன்று இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகக்கூடிய தனிநபர் புகார் தனக்கு வராது என்கிறது அதன் சட்டம். நுகர்வோர் நீதிமன்றத்திலோ தந்திச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். நடுவர் வேண்டுமென்றால் மத்திய அரசு நியமிக்க வேண்டும். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிற ஒருவர், 3,000 ரூபாய் ரோமிங் பில்லுக்காக டெல்லியிலிருந்து நடுவர் கேட்பாரா? கட்டிவிட்டுப் போய்விடுவார். கட்டாவிட்டால் இணைப்புப் போய்விடும், இணைப்புப் போனால் லோடும் போய்விடும்.

2014 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறையே, தந்தி அதிகாரியின் அதிகாரம் தனியார் நிறுவனங்களுக்குக் கிடையாது, நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று கடிதத்தில் சொன்னது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கடிதத்தால் தாண்டிவிட முடியுமா?

திறந்த கதவு

இந்த நிலையில்தான் அகமதாபாத்காரர் போனார். அவர் கேட்டது 22,000 ரூபாய் இழப்பீடும் வட்டியும். எதிரில் வோடஃபோன். பில் எப்படி வந்தது என்பதற்கு முன்னால், இந்த வழக்கே செல்லாது என்று 2009 தீர்ப்பைக் காட்டியது நிறுவனம். மாவட்டத்தில் அந்த வாதம் எடுபடவில்லை. மாநில ஆணையத்திலும் எடுபடவில்லை. தேசிய ஆணையத்திலும் இல்லை. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே தீர்ப்பு வந்தபோது நிறுவனத்தின் பெயரே வோடஃபோன் ஐடியா என்று மாறியிருந்தது.

2022 பிப்ரவரி 16. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத். தீர்ப்பை எழுதியவர் சந்திரசூட். நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலாக நிற்பது, அவற்றை விலக்கி நிற்பதில்லை என்று 1986 சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. நடுவரிடம் போகலாம், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர் கையில். 2009 தீர்ப்பு சரியான சட்டநிலை இல்லை என்று சொல்லி மூன்று நீதிபதிகளும் அதை ஒதுக்கினார்கள்.

நிறுவனம் இன்னொரு வாதமும் வைத்தது. 2019-ல் வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில் தொலைத்தொடர்பு என்று தனியாக எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் பழைய சட்டத்தில் அது இல்லை என்றுதானே அர்த்தம் என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய சட்டத்தில் "சேவை" என்ற சொல்லுக்குள்ளேயே அது இருந்தது என்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. 24,609 ரூபாய் நியாயமா என்பதை இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கேட்கலாம் என்று மட்டும் சொன்னது. ஆனால் அந்த "கேட்கலாம்" அவருக்கு மட்டும் கிடைத்ததில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும், நுகர்வோர் சட்டத்தின் கீழ் புகார் செய்யும் உரிமை பாதிக்கப்படாது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

இன்றைய ஒப்பந்தம் எது?

"எங்ககிட்ட போஸ்ட்பெய்டே இல்லையே, ரீசார்ஜ்தானே" என்று உங்களில் பலர் நினைக்கலாம். ரீசார்ஜும் ஒப்பந்தம்தான். காகிதம் இல்லாத ஒப்பந்தம்.

28 நாள் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசம் என்று நினைத்துப் போடுகிறோம். 28 ஐ 13 ஆல் பெருக்கினால் 364. வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதிமூன்று ரீசார்ஜ். இதற்கு வந்த புகார்களால்தான் 2022 ஜனவரியில் டிராய், 30 நாள் திட்டமும், மாசா மாசம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் அடுத்தடுத்து விலை ஏற்றின. அந்த வருஷம் டிசம்பரில், டேட்டா வேண்டாம், பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்று டிராய் சொன்னது. ஊரில் பட்டன் போன் வைத்திருக்கிற அம்மாயி, அப்பச்சிக்கு டேட்டா பேக் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால், இதைக் கொஞ்சம் பாருங்கள்.

சரி, எதிர்பாராத பில்லோ பிடித்தமோ வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் நிறுவனத்தின் புகார் மையம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. அதுவும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில், எஸ்.எம்.எஸ்., ஸ்கிரீன்ஷாட், புகார் எண், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

சின்னத் தொகைதானே என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில்தான் நிறுவனத்தின் பெரிய தொகை இருக்கிறது. கோழிக்கோட்டுக்காரரும் அகமதாபாத்காரரும் விட்டுவிடவில்லை. ஒருவர் வழக்கில் கதவு சாத்தியது, இன்னொருவர் வழக்கில் திறந்தது. அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் அங்கே ஒரு கதவு இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டில் லாரி, ரிக், டேங்கர் என்று வெளிமாநிலம் போனவர்கள் இருந்தால், இந்த வாரம் அவர்களிடம் அந்தக் கால ரோமிங் பில்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை மிஸ்டு காலுக்கு என்ன அர்த்தம் என்றும் கேளுங்கள். கேட்டதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள், இன்னொரு எபிசோடில் பேசலாம்.